நாற்பத்தோராம் பக்கத்தில் என் கையெழுத்து

1

நான் பிறந்த தேதியை ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஏஜெண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினாறு வயசு இருக்கும். பங்குனியில ஒரு தேதி போட்டுக்கிறேன், சரியா?" என்றார். சரி என்றேன். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. அன்றைக்கு அவர் பேனாவில் வந்த தேதிதான் இன்றைக்கும் என் பிறந்தநாள். ஐம்பத்தெட்டு வருஷமாக என் எல்லாக் காகிதத்திலும் அதுதான் இருக்கிறது.

இந்த வருஷமும் அந்த நாளில் கேக் வெட்டினோம். மெல்பர்னில் இருக்கும் மகன் போனில் முகம் காட்டினான். அவன் பிள்ளைகள் "ஹாய் தாத்தா" என்று கையாட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். அதற்கு மேல் பேச அவர்களிடம் தமிழ் இல்லை, என்னிடம் இங்கிலீஷ் இல்லை. மகள் மீனா மட்டும் என்னோடு டத்தோ கிராமாட் பகுதி வீட்டில் இருக்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. காலையில் பாலம் தாண்டிப் போவாள், சாயந்தரம் பாலம் தாண்டி வருவாள். வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டால், "சும்மா எழுதுறேன்ப்பா" என்பாள். சும்மா எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

கேக்கை வாயில் வைக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. சமையல்கட்டுக்குப் போய்ப் பேசினாள். நான் காது கேளாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் அது ஒரு வசதி.

"டத்தோவ இன்னிக்கு ரெண்டு தடவ திருப்பிட்டேன். மூணுக்கு மேல போனா என்னைத்தான் பூட்டுவாங்க. வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க."

எந்த டத்தோ என்று கேட்க வேண்டியதில்லை. மாநிலத் தேர்தல் வந்துவிட்டது. எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் டத்தோ தணிகைமணியின் முகம்தான் தொங்கியது. டத்தோ என்பது இங்கே கொடுக்கும் பட்டம். எங்கள் தொகுதியில் மறுபடி நிற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைக்காரன். நிரந்தரமாக இருக்கலாம், வேலை செய்யலாம், சாகலாம். ஓட்டுப் போட முடியாது. குடியுரிமைக்கு மூன்று தடவை மனுப் போட்டேன். இது நான்காவது. சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருப்பது டத்தோவின் அலுவலகம். சாவதற்கு முன் ஒரு தடவையாவது விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் இப்போது இல்லை.

அப்படிப்பட்ட டத்தோவை என் மகள் எதற்குத் திருப்புகிறாள்? அவளை யார் பூட்டப்போகிறார்கள்?

மீதிக் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன்.

2

இரண்டு நாள் கழித்துக் கோவிந்தசாமி வந்தான். கோயில் கமிட்டிச் செயலாளர், டத்தோவின் தேர்தல் வேலையும் பார்க்கிறவன். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே லாரி. அவன் ஓட்டுவான், நான் கெலிண்டான். அதாவது மூட்டை ஏற்றி இறக்கி, பின்னால் நின்று லாரியைத் தட்டிச் சத்தம் கொடுக்கிற ஆள்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அந்த லாரிதான். பாலம் கட்டாத காலம். கடல் தாண்டும் ஃபெரிக்காக வரிசையில் கிடக்கும்போது சுவரொட்டிகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தேர்தல் சுவரொட்டியில் எழுத்து பெரிதாக இருக்கும், கூட்டிப் படிக்கச் சுலபம். நான் முதலில் படித்த வார்த்தைகள் 'மக்கள் தொண்டர்', 'ஏழைகளின் காவலர்'. படித்த கையோடு அந்த ஆட்களையும் பார்த்துவிட்டதால், அந்த வார்த்தைகளை எங்கே கண்டாலும் எனக்கு இன்றைக்கும் கண் சுருங்கும்.

கோவிந்தசாமி காப்பியைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியே பேசினான். அவன் மழையைப் பற்றிப் பேசினால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"முத்தையாண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க மக யாருக்கு வேல செய்யுது?"

"பிறையில பாக்டரிக்கு."

"அதில்லலா. எதிர்க்கட்சிக்காரன் ஏதும் குடுக்குறானா?"

"என்னடா பேசுற?"

"கம்ப்யூட்டர்ல டத்தோவப் பத்தி ஒரு பக்கம் இருக்குண்ணே. கலைக்களஞ்சியம்னு பேரு. எவன் அவர் பேரத் தட்டினாலும் அதான் மொதல்ல வருது. நம்ம பசங்க 'ஏழைகளின் இதயம்'னு அழகா எழுதி வெச்சாங்க. ஒங்க மக அழிச்சிருச்சு. திரும்ப வெச்சாங்க. திரும்ப அழிச்சிருச்சு."

"எம் மகன்னு எப்படித் தெரியும்? அங்க பேர் போட்டிருக்கா?"

"வேற பேரு. ஆனா அதே பேர்ல நம்ம கோயிலப் பத்தியும் எழுதிப் படம் போட்டிருக்கு. படத்துல ஒங்க வீட்டு மோட்டார் நிக்குது." மோட்டார் என்பது இங்கே மோட்டார் சைக்கிள். "பின்னாடி நீங்க வேற மீன் பையோட நிக்கிறீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ஒங்க கடிதம் டைப் பண்ணி ரெடியா இருக்குண்ணே. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தேர்தல் முடியட்டும்னு வெச்சிருக்கோம். வீட்டுல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கையெழுத்து ஒரு நிமிஷ வேலை. அதற்கு ஏன் தேர்தல் முடிய வேண்டும்? அவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போன பிறகும் அந்த யோசனை போகவில்லை. அவன் மேல் ஒரு சந்தேகம், மகள் மேல் ஒரு சந்தேகம். எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை காலை மீனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாரும்மா ஒனக்குக் குடுக்குறாங்க?"

"என்ன குடுக்குறாங்க?"

"எதிர்க்கட்சி."

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். "கோவிந்தசாமி மாமா வந்தாரா? இங்க பாருங்க. போன வாரம் எதிர்க்கட்சிக்காரங்க என்னை டத்தோவோட அல்லக்கைன்னு திட்டியிருக்காங்க. படிங்க, தமிழ்லதான் இருக்கு."

படித்தேன். அந்தக் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாமாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். ஆனால் யார், எந்த நேரத்தில், எந்த வார்த்தையில் கை வைத்தார்கள் என்பது பின்னால் ஒரு வரலாறாக அழியாமல் நிற்கும். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. எங்கள் கோயில் கமிட்டிக்கு ஒன்று வேண்டும். ஒருவர் எழுதியதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்குவதற்குப் பெயர் திருப்புவது. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் திருப்பினால் திருப்பியவரையே கொஞ்ச நாள் எழுத விடாமல் பூட்டிவிடுவார்கள். நான் போனில் கேட்டது அதுதான்.

'தமிழர்களின் விடிவெள்ளி' என்று ஒருவர் சேர்த்திருந்தார். மீனா எடுத்திருந்தாள். 'பச்சோந்தி' என்று ஒருவர் சேர்த்திருந்தார். அதையும் எடுத்திருந்தாள். 'வெளிநாட்டில் இரண்டு வீடு' என்பதும் போயிருந்தது.

"இது நெசந்தானே? ஏன் எடுத்த?"

"யாரு சொன்னா நெசம்னு?"

"காப்பிக் கடையில எல்லாரும் சொல்றாங்க."

"காப்பிக் கடைய அடிக்குறிப்புல போட முடியாதுப்பா. அச்சுல வந்திருக்கணும், யாரு எழுதுனதுன்னு தெரியணும். நல்லதுக்கும் அதான், கெட்டதுக்கும் அதான்."

"இதுக்குச் சம்பளம்?"

"கெடையாது."

"யாரும் குடுக்காம எதுக்கும்மா இந்த வேல?"

"ஓட்டுப் போடப் போறவங்க படிப்பாங்கப்பா. யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்ல."

நான் நம்பவில்லை. சம்பளம் இல்லாமல் உழைக்கிறேன் என்று சொன்ன எத்தனையோ பேரை மேடையில் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பக்கத்தின் நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. 'குடியிருப்பு இடிக்கப்பட இருந்த நாளில், தணிகைமணி தனி ஆளாக இயந்திரத்தின் முன் நின்று அதைத் தடுத்தார்.' வரியின் முடிவில் சின்னதாக ஓர் எண்.

"இத மட்டும் ஏன் விட்டு வெச்சிருக்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"இன்னிக்குக் காலையிலதான் சேத்திருக்காங்க. ஆதாரத்தோட இருக்கு. இருங்க பாப்போம்." அந்த எண்ணை அழுத்தினாள். கீழே ஒரு வரி வந்தது. எங்கள் கோயில் கும்பாபிஷேக மலர், பக்கம் நாற்பத்தொன்று, 'நேரில் கண்டேன்', எழுதியவர் பெ. முத்தையா.

மீனாவின் விரல் அப்படியே நின்றது.

"அப்பா. இது நீங்கதானே?"

4

மலர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், ஊரிலும் போடுகிறார்கள். இங்கே வழக்கம் என்னவென்றால், மலரில் எழுதுகிறவர்கள் எழுதுவதில்லை. கமிட்டிச் செயலாளர் எல்லோருக்குமாக எழுதுவார். நாம் ஒரு போட்டோ கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. விளம்பரம் கொடுத்த கடைக்காரர் எல்லாம் வள்ளல். கோயில் மண்டபத்துக்குக் கூரை போட உதவிய தணிகைமணிக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தான் கோவிந்தசாமி. அதில் ஒன்றுக்கு என் கையெழுத்துக் கேட்டான், குடியிருப்பில் இருந்த பழைய ஆள் என்று.

நான் படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் படித்தேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். "இது இப்படி இல்லையேடா" என்றேன். "மலருதானேண்ணே, யாரு படிக்கப் போறா?" என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது. கையெழுத்துப் போட்டு, போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டு போய் நின்றேன்.

நடந்தது வேறு. அது முப்பது வருஷத்துக்கு முன். இதே டத்தோ கிராமாட் பக்கம் பலகை வீடுகள் ஒரு வரிசை. எங்கள் வீடும் அதில் ஒன்று. நிலத்துக்காரர் விற்றுவிட்டார், காலி செய்யச் சொல்லிக் கெடுவும் முடிந்துவிட்டது. ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் இடிக்கிற இயந்திரம் வந்தது. சந்து குறுகல். சந்தின் வாயில் அஞ்சலை அடுப்பு மூட்டி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். தினமும் அங்கேதான் விற்பாள். இயந்திரம் அவள் அடுப்புக்கு நாலு முழம் முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்த மலாய்க்காரத் தம்பி ஹாரன் அடித்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். தட்டில் மாவு இருக்கிறது, வெந்து முடியாமல் நகர மாட்டேன் என்று மலாயில் கத்தினாள். அவன் அவளிடம் தினமும் வாங்கிச் சாப்பிடுகிறவன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவனுக்குத் தேங்காய்ப்பூவும் கருப்புச் சீனியும் போட்டு ஒரு பொட்டலம் கொடுத்தாள். அந்தத் தட்டுக்குப் பிறகு இன்னொரு தட்டு வைத்தாள், பிறகு இன்னொன்று. மத்தியானம் வரை வைத்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் காத்திராமல் இயந்திரம் திரும்பிப் போனது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். அவளுக்கு இருபதடி பின்னால் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

5

இதையெல்லாம் சொன்னதும் மீனா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"டத்தோ அன்னிக்கு வரவே இல்லையாப்பா?"

"சாயந்தரம் வந்தான். அப்ப ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா."

"வந்து?"

"மறுநாள் வக்கீலக் கூட்டிட்டு வந்து கோர்ட்ல தடை வாங்கிக் குடுத்தான். அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தோம்."

"அப்ப அதையும் சொல்லணும்ல?"

எனக்கு எரிச்சல் வந்தது. "நீ அவன் ஆளா?" என்று கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எதிர்க்கட்சி ஆளா என்று கேட்டவனும் நான்தான். அவள் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அன்று மாலையே அந்தப் பக்கத்தின் உரையாடல் பகுதியில், திருத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில், எழுதினாள்: 'இந்த ஆதாரத்தை எழுதியவர் என் தந்தை. ஆகவே நான் இனி இந்தப் பக்கத்தில் கை வைக்க மாட்டேன்.' அதோடு விலகிவிட்டாள். அந்த வரி அப்படியே நின்றது.

"நீயே எடுத்துடேன்மா. நான்தான் பொய்யின்னு சொல்றேன்ல."

"எங்கப்பா சொன்னாருன்னு நான் எடுத்தா, ஏழைகளின் இதயம்னு எழுதுன பசங்களுக்கும் எனக்கும் என்னப்பா வித்தியாசம்?"

சரி, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். எப்படி அங்கே போய் எழுதுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒரு விரலால் தட்டி மூன்று வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. 'நான்தான் பெ. முத்தையா. மலரில் உள்ளது உண்மை இல்லை. நின்றது அஞ்சலை.'

மறுநாள் யாரோ முகம் தெரியாத ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். ஐயா, வணக்கம், நீங்கள்தான் முத்தையா என்பதை நாங்கள் எப்படி உறுதி செய்வது? தேர்தல் நேரத்தில் பலரும் பல பெயரில் வருகிறார்கள். நீங்கள் சொல்வதற்கு அச்சில் வந்த ஆதாரம் ஏதும் உண்டா?

முதலில் ஆத்திரம். இவன் கோவிந்தசாமியின் ஆளாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். பிறகு பதிவு அலுவலகம் ஞாபகம் வந்தது. முதல் மனுவின்போது கவுண்டரில் இருந்த பெண் பிறப்புச் சான்று கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள் பிறந்ததற்கு வேறு என்ன காகிதம் இருக்கிறது என்றாள். நல்ல பெண், தண்ணீர் கூடக் கொடுத்தாள். நான் பிறந்திருக்கிறேன், இதோ நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு மலாய் போதவில்லை. ஏஜெண்டு எழுதிய பொய்த் தேதியைக் காட்டினேன். அதை வாங்கிக்கொண்டாள்.

இந்த முகம் தெரியாத ஆள் கேட்பதும் நியாயம்தான். என் பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு தடவை எழுதியும் விட்டார்களே.

6

ஆயர் ஈத்தாமுக்கு பஸ் ஏறினேன். குடியிருப்பு கடைசியில் போனபோது பாதிப் பேருக்கு அங்கேதான் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அஞ்சலை ஆறாவது மாடி. என்னைவிட மூத்தவள். கதவு திறந்ததும் கேட்டாள்:

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகலக்கா."

"அப்ப எதுக்கு வந்த?"

உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். மலர், கையெழுத்து, கம்ப்யூட்டர், எல்லாம். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"அந்த மலர எனக்கும் குடுத்தாங்க. பேத்தி படிச்சுக் காட்டுனா."

"படிச்சியா? அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"நீ பாய் சுருட்டுனதயும் எழுதியிருப்பியோன்னு பாத்தேன். அது இல்ல. போடா சரின்னு விட்டுட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். "ஒம் பேர இப்ப எழுதட்டுமாக்கா?"

"எழுது. ஆனா வீராங்கனை கீராங்கனைன்னு போட்ட, படியில தள்ளிவிடுவேன். மாவு வீணாப் போவுமேன்னுதான் மொதல்ல நின்னேன். அப்புறம் அந்தப் பையன் எறங்குனதும்தான், அட, இது நிக்கும் போலிருக்கேன்னு இன்னொரு தட்டு வெச்சேன்."

"தணிகைமணிக்கு இதனால கெட்ட பேரு வந்தா?"

"அவனுக்கு என்ன? எனக்கு ஓட்டு இன்னும் பழைய தொகுதியிலதான். இந்தத் தடவையும் நான் அவனுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்."

நான் அவளையே பார்த்தேன்.

"என்ன பாக்குற? இங்க லிப்டு மூணு மாசம் ரிப்பேராக் கெடந்துச்சு. அவன்கிட்டதான் ஆள் விட்டேன், செஞ்சு குடுத்தான். எனக்கு லிப்டு போதும். நின்னது யாருங்கறது வேற விஷயம்லா. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்புற?"

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இவளுக்கும் யாராவது ஏதாவது கொடுத்திருப்பார்களோ? நாலு நிறுத்தம் தாண்டும் வரை அந்த எண்ணம் இருந்தது. அதற்குப் பிறகு என் மேலேயே வெறுப்பு வந்து விட்டுவிட்டேன்.

7

கோவிந்தசாமியிடம் நேரில் சொல்லிவிட்டேன். "அச்சுல எழுதப்போறேன்டா" என்றேன். அவன் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"ஐம்பத்தெட்டு வருஷம் காத்துட்டு, இப்ப ஏண்ணே? கடிதம் போச்சுன்னா அஞ்சாவது மனுவுக்கு ஒங்களுக்கு வயசு இருக்கா?"

"இருக்காதுதான்."

"அப்புறம்?"

"ஓட்டுப் போடுறவங்க படிக்கிறாங்களாம்டா. எனக்குத்தான் ஓட்டு இல்ல. அவங்க படிக்கிற எடத்துல எம் பேர்ல பொய் இருக்கணுமா?"

அவன் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனான். கடிதம் இனி வராது என்று நினைக்கிறேன்.

இங்கே உள்ள தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் தேர்தல் நேரத்தில் இதை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவார்களோ என்று பயம். அதனால்தான் ஊரிலிருந்து தம்பி மகன் மாதாமாதம் அனுப்பி வைக்கும் உங்கள் இதழுக்கு எழுதுகிறேன். நீங்கள் அச்சிட்டு அது கடல் தாண்டி வரும்போது ஓட்டு எண்ணி முடித்திருப்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவு மெதுவான இதழைத் தேர்ந்தெடுத்தேனோ, கடிதத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கிறேனோ என்று என் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

இதை மீனாவிடம் காட்டவில்லை. அவள் படித்தால் ஏதாவது ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்வாள், இதில் அவள் கையும் பட்டதாகிவிடும், அது அவளுக்கு ஆகாது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிகளை மட்டும் தொட வேண்டாம்.

குடியிருப்பை இடிக்க வந்த நாளில், காலையில் இயந்திரத்தின் முன் நின்றவர் இடியப்பம் விற்ற அஞ்சலை. எஞ்சினை நிறுத்தியவர் அதை ஓட்டி வந்தவர். தணிகைமணி சாயந்தரம் வந்தார். மறுநாள் வக்கீலை அழைத்து வந்து தடை உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அதனால் மூன்று வருஷம் அங்கே இருந்தோம். கோயில் மலரில் நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ளதை நான் எழுதவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். போட்டோ வேண்டாம். பெயரை முழுதாகப் போடுங்கள், பெ. முத்தையா, பினாங்கு. பக்க எண் கட்டாயம் இருக்க வேண்டும்.